முதலில் பர்னரைப் பாருங்கள்: பழைய அமெரிக்க விளக்குகளைச் சேகரிக்க விரும்புவோருக்கு

கேள்வி: மாசசூசெட்ஸுக்குக் குடிவந்த பிறகு, பழம்பொருள் கடைகளில் கண்ணில் படும் 1860-க்கு முந்தைய அமெரிக்க விளக்குகள்மேல் ஆசை வந்துவிட்டது. ஒரு கடையில் கண்ணாடி விளக்கு ஒன்று இருக்கிறது. ஊதிச் செய்த எண்ணெய்க் கலம். பொடிப்புள்ளிகளும் இலைக்கொடியும் அச்சில் பதிந்த பாதம். மேலே ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சாய்ந்த இரண்டு நீளப் பித்தளைக் குழாய்கள். அவற்றை மூடச் சங்கிலியில் தொங்கும் குட்டி மூடிகள். "திமிங்கில எண்ணெய் விளக்கு, 1800 வாக்கில் செய்தது" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? இந்தச் சேகரிப்பை எங்கே தொடங்குவது? எதிலெல்லாம் ஏமாறுவோம்?

பதில்:

1800 என்பது தவறு. திமிங்கில எண்ணெய் என்பது பாதி சரியாக இருக்கலாம். எப்படி என்று சொல்கிறேன். அதற்குள்ளேயே உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் வந்துவிடும்.

புதிதாகச் சேகரிக்க வருபவர்கள் விளக்கின் வடிவத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். தண்டு எவ்வளவு அழகு, கண்ணாடி என்ன நிறம், பியூட்டர் (வெள்ளீயக் கலவை) எப்படி மின்னுகிறது என்று பார்க்கிறார்கள். இந்தத் துறையில் ஊறியவர்கள் முதலில் திரி நிற்கும் இடத்தை, அதாவது பர்னரைப் பார்ப்பார்கள். எந்த எரிபொருளுக்காகச் செய்த விளக்கு என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது. எரிபொருள் தெரிந்தால் காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். காலம் தெரிந்தால் கடைக்காரரின் கதையில் பாதி உதிர்ந்துவிடும்.

நீங்கள் சொன்ன பர்னரையே எடுத்துக்கொள்வோம். திமிங்கில எண்ணெய் பர்னரின் குழாய்கள் குட்டையாக, நேராக, அருகருகே நிற்கும். பக்கவாட்டில் சிறு பிளவு இருக்கும். தூண்டுகோலின் முனையை அதில் விட்டுத் திரியை மேலே ஏற்றுவார்கள். அதே குழாய்கள் தட்டுக்குக் கீழேயும் கலத்துக்குள் இறங்கியிருக்கும். திமிங்கில எண்ணெய் கெட்டியானது, குளிரில் இன்னும் கெட்டிப்படும். சுடரின் சூடு குழாய் வழியாக உள்ளே இறங்கி எண்ணெயை இளக்கினால்தான் திரி ஒழுங்காக உறிஞ்சும்.

உங்கள் கடை விளக்கில் இருப்பது இதற்கு நேர்மாறான பர்னர். நீளக் குழாய், நுனி குறுகல், பிளவு இல்லை, இரண்டும் விலகிச் சாய்ந்திருக்கின்றன, மூடி வேறு. இது 'பர்னிங் ஃப்ளூயிட்' என்ற எரிதிரவத்துக்கானது. டர்பன்டைனைக் காய்ச்சி வடித்துச் சாராயத்தோடு கலந்த சரக்கு அது. ஐசையா ஜென்னிங்ஸ் 1830-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வெளிச்சம் வெள்ளை வெளேரென்று வரும், விலையும் மலிவு, நாற்றம் குறைவு. ஆனால் ஆவியாகி வெடிக்கும். சுடரைக் கலத்திலிருந்து எட்ட வைக்கத்தான் குழாயை நீளமாக்கினார்கள். ஒன்றின் சூடு மற்றொன்றில் ஏறாமல் இருக்கத்தான் விலக்கிச் சாய்த்தார்கள். மூடிக்கு இரண்டு வேலை: சுடரை ஊதாமல் அணைப்பது, எரியாத நேரத்தில் திரவம் ஆவியாகிப் போகாமல் காப்பது. எரிந்துகொண்டிருக்கும் விளக்கிலேயே திரவத்தை ஊற்றப்போய்த் தீயில் கருகிய பெண்கள், குழந்தைகள் பற்றிய செய்திகள் அந்தக் காலச் செய்தித்தாள்களில் நிறையவே வந்தன. பாஸ்டனைச் சேர்ந்த ஜான் நியூவெல் சுரங்க விளக்கைப் பார்த்துக் கம்பிவலை வைத்த பாதுகாப்பு விளக்குக்கு 1853-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் பொறித்த விளக்கு கிடைத்தால் விடாதீர்கள்.

ஆக, பர்னர் 1830-க்குப் பிந்தியது. அப்படியானால் விளக்கு? பொடிப்புள்ளியும் இலைக்கொடியும் அச்சில் பதிந்த பாதம் 1800-இல் இருக்கவே முடியாது. கண்ணாடியை இயந்திர அச்சில் அழுத்தி அந்த மாதிரி நுண்ணிய வேலை செய்வது அமெரிக்காவில் 1820-களின் பிற்பகுதியில்தான் பரவியது. கிழக்கு கேம்பிரிட்ஜில் 1818-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து கிளாஸ் கம்பெனி, கேப் காடில் டெமிங் ஜார்வ்ஸ் 1825-இல் நிறுவிய சாண்ட்விச் தொழிற்சாலை ஆகிய இரண்டும் இதில் முன்னணியில் இருந்தவை. கலத்தை ஊதிச் செய்து, பாதத்தை அச்சில் வார்த்து, இரண்டையும் நடுவில் ஒரு சூடான கண்ணாடி வில்லையை வைத்து ஒட்டுவார்கள். விளக்கைக் கையில் எடுத்து அந்த வில்லையைத் தேடுங்கள். பாதத்துக்கும் கலத்துக்கும் இடையே சற்றுக் கோணலாக ஒரு மெல்லிய வட்டு தெரியும். அந்தக் கோணலைக் குறையாக எண்ணாதீர்கள், அது நல்ல அறிகுறி. கலத்தின் கழுத்தில் பொருத்திய மரை வளையம் பியூட்டரா பித்தளையா என்றும் பாருங்கள். பொதுவாகப் பியூட்டர் முந்தியது, பித்தளை பிந்தியது.

என் கணிப்பு இது: 1830-களில் திமிங்கில எண்ணெய்க்காகச் செய்த விளக்கு; எரிதிரவம் மலிவாகக் கிடைத்ததும் வீட்டுக்காரரே பர்னரை மட்டும் கழற்றிவிட்டு வேறு மாட்டியிருப்பார். அக்காலத்தில் இது சர்வசாதாரணம். இப்படிப் பயன்படுத்தியவரே செய்த மாற்றத்தை நான் குறையாகக் கருதுவதில்லை, விளக்கின் வாழ்க்கை வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம். போன மாதம் ஒரு வியாபாரி பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய பர்னர் என்றால் கதை வேறு. இரண்டையும் பிரித்தறிய, பர்னரைத் திருகிக் கழற்றுங்கள். மரை சுகமாக ஏறி இறங்குகிறதா, கழற்றிய இடத்தில் பழைய அழுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருக்கிறதா, வளையத்தின் தேய்மானமும் பர்னர் விளிம்பின் தேய்மானமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கழற்றக் கூடாது என்று கடைக்காரர் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி எரிபொருள் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் குடியேறிகளுக்கு வெளிச்சம் தந்தது பெரும்பாலும் அடுப்பு நெருப்பும், பிசின் ஊறிய பைன் மரச் சிம்புகளும்தான். மாசசூசெட்ஸின் சேலத்துக்கு வந்த பாதிரியார் பிரான்சிஸ் ஹிக்கின்சன் 1630-லேயே இந்தச் சிம்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார். புகையும், தாரும் சொட்டும். அடுத்து விலங்குக் கொழுப்பை எரித்த இரும்பு விளக்கு. அதோடு கொழுப்பு மெழுகுவத்தி. பிறகு திமிங்கிலம் வந்தது: நாண்டக்கெட், நியூ பெட்ஃபோர்ட் கப்பல்கள் உலகம் சுற்றின, 1846 வாக்கில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் 700-ஐத் தாண்டியிருந்தன. எண்ணெய் விலை ஏற ஏற, எரிதிரவமும் பன்றிக் கொழுப்பு எண்ணெயும் போட்டிக்கு வந்தன. 1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் டிரேக் என்பவர் பெட்ரோலியக் கிணறு தோண்டினார். 1862-இல் உள்நாட்டுப் போருக்காகச் சாராயத்துக்குப் போட்ட வரி எரிதிரவத்தின் விலையை எகிறவைத்தது. மண்ணெண்ணெய் வென்றது. தட்டைத் திரியும் கண்ணாடிச் சிம்னியும் வைத்த விளக்குகள் அதன்பின் லட்சக்கணக்கில் வந்தன. அவை தனி உலகம். தொடக்கத்திலேயே 1860-இல் ஒரு கோடு போட்டுக்கொள்வது பர்ஸுக்கும் நல்லது, வீட்டில் இருப்பவர்களின் பொறுமைக்கும் நல்லது.

இரும்பு விளக்குகளில் நீங்கள் அடிக்கடி காணப்போவது 'பெட்டி விளக்கு' (Betty lamp; நம் பெட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை). நம் ஊர் அகலுக்கு மூடி போட்டு, மூக்கை நீட்டி, தொங்கவிட ஒரு கொக்கி வைத்தால் எப்படியோ அப்படி. இதன் சூட்சுமம் உள்ளே இருக்கிறது. திரியைத் தாங்க மூக்குக்குச் சற்று உள்ளடங்கி ஒரு சிறு தாங்கி இருக்கும். திரியிலிருந்து கசியும் கொழுப்பு வெளியே சொட்டாமல் கலத்துக்கே திரும்பிப் போய்விடும். இந்தத் தாங்கி இல்லாமல், திறந்த மூக்கோடு இருந்தால் அது க்ரூசி வகை. சொட்டும் கொழுப்பைப் பிடிக்க அதற்குக் கீழே இன்னொரு தட்டு வேண்டும். அது பெரும்பாலும் ஸ்காட்லாந்து, ஐரோப்பாச் சரக்கு. பெட்டி விளக்கின் கைப்பிடியிலிருந்து எழும் முறுக்குக் கம்பியின் நுனியில் கொக்கியும் ஓர் ஆணிமுனையும் இருக்கும்: நாற்காலி முதுகில் மாட்டலாம், உத்தரத்தின் இடுக்கில் குத்தி நிறுத்தலாம். சின்னச் சங்கிலியில் ஒரு தூண்டுகோல் தொங்கும். அந்தத் தூண்டுகோல் தொலையாமல் இருந்தால் விலை கூடும்; புதிதாக ஒன்று செய்து மாட்டியிருந்தால் அந்த ஏற்றத்தைத் தரவேண்டியதில்லை.

பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வேலை செய்த பீட்டர் டெர் என்ற ஜெர்மன் வழிக் கொல்லர் தன் பெட்டி விளக்குகளில் 'பி. டி.' என்ற எழுத்துகளையும் ஆண்டையும் அடித்துவைத்தார். இரும்பு, செம்பு, பித்தளை மூன்றையும் கலந்து அவர் செய்த வேலை கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். பெயரும் ஆண்டும் உள்ள பொருள் என்பதால் ஏலத்தில் விலை ஏறிவிடும். அதனாலேயே யாரோ ஒருவர் சாதாரண விளக்கில் அந்த எழுத்துகளை அடிக்கவும் ஆசைப்படுவார். அருங்காட்சியகத்தில் உள்ள உண்மையான டெர் விளக்கின் எழுத்து வடிவத்தை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளாமல் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

இரும்பில் போலி அதிகம். 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பிறகு, குடியேற்றக் காலப் பொருள்கள்மேல் அமெரிக்கர்களுக்குப் பெரிய மோகம் பிறந்தது. கொல்லர்கள் அந்த மாதிரியே செய்து விற்றார்கள்; ஏமாற்ற வேண்டும் என்று எல்லாரும் செய்யவில்லை, அலங்காரத்துக்குச் செய்தவைதான் பெரும்பாலும். நூறு ஆண்டு கழிந்ததும் அவையும் பழசாகத் தெரிகின்றன. சோதிக்க ஒரு வழி உண்டு. கொக்கியும் வளையமும் உரசும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். நூறு ஆண்டு தொங்கிய விளக்கில் அந்த ஒரே இடத்தில் இரும்பு வழுவழுவென்று பள்ளமாகத் தேய்ந்திருக்கும். தொடாத இடத்தில் கூர்மை இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீரான குழிகளோடு துருப்பிடித்திருந்தால் அது அமிலத்தில் தோய்த்தெடுத்த வேலை. இணைப்பில் வாயு வெல்டிங்கின் மணி மணியான தழும்பு தெரிந்தால் மேலே பேச ஒன்றும் இல்லை.

மெழுகுவத்தித் தண்டுகளில், குறைந்த விலையில் தொடங்க ஏற்றது தகட்டு இரும்பில் செய்த ஹாக்ஸ்கிரேப்பர். வட்டப் பாதம், நேரான குழாய், மெழுகுவத்தி குறையக் குறைய மேலே தள்ள ஒரு விசை, உச்சி விளிம்பில் நாற்காலியில் மாட்ட ஒரு கொக்கி. பன்றியின் மயிரைச் சுரண்டும் கருவிபோல் இதன் பாதம் இருப்பதால் அந்தப் பெயர். விசையின் கட்டைவிரல் பிடியில் 'ஷா', 'ரைட்டன் அண்ட் வால்டன்' போன்ற பெயர்கள் பொறித்திருக்கலாம். இவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்! அமெரிக்க வீடுகளில் புழங்கிய ஹாக்ஸ்கிரேப்பர்களில் பெரும்பகுதி அங்கிருந்து வந்த இறக்குமதிதான். 'அமெரிக்காவில் செய்தது', 'அமெரிக்காவில் புழங்கியது' என்று இரண்டு கணக்கு உண்டு. நீங்கள் எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் இரண்டாவதையும் ஏற்றுக்கொள்பவன். குழாயின் நடுவில் பித்தளை வளையம் இருந்தால் 'கல்யாண மோதிரம்' என்று சொல்லிப் பல மடங்கு கேட்பார்கள். பின்னால் செருகிய வளையங்களும் உலவுகின்றன. வளையத்தின் ஓரத்தில் புதுப் பற்றவைப்பு மினுங்குகிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

கதைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தச் சந்தையில் தகரத்தைவிடக் கதைதான் அதிகம் விற்கிறது. துளையிட்ட தகர லாந்தரை 'பால் ரிவியர் லாந்தர்' என்பார்கள் (பால் ரிவியர், பிரிட்டிஷ் படை வருகிறது என்று குதிரையில் போய் எச்சரித்தவர்). 1775 ஏப்ரல் 18 இரவு பாஸ்டனின் ஓல்ட் நார்த் சர்ச் கோபுரத்தில் எச்சரிக்கையாகக் காட்டிய இரண்டு விளக்குகளில் ஒன்று என்று வழிவழியாகச் சொல்லப்படுவது கான்கார்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், அது கண்ணாடி வைத்த லாந்தர். துளைத் தகரத்தின் வெளிச்சம் தொழுவத்துக்குப் போய்வரப் போதும், சார்லஸ் நதிக்கு அக்கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. சுருள் கம்பி மெழுகுவத்தித் தண்டை 'காதலர் விளக்கு' என்று விற்பார்கள்: பெண்ணின் தந்தை மெழுகுவத்தியை எவ்வளவு உயரத்தில் வைக்கிறாரோ அவ்வளவு நேரம்தான் மாப்பிள்ளை உட்காரலாமாம். சுருள் என்பது மெழுகுவத்தியை மேலே ஏற்றும் எளிய உபாயம். சந்தையில் வரும் பலவும் ஐரோப்பாவின் நிலவறை விளக்குகள். அதேபோல் நாணற் புல்லைக் கொழுப்பில் தோய்த்து எரிக்கும் இடுக்கித் தண்டுகள். நியூ இங்கிலாந்தில் பைன் சிம்பு தாராளமாகக் கிடைத்தபோது நாணலைத் தோலுரித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் குறைவு. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பிரிட்டன், அயர்லாந்துப் பொருள்கள். வேடிக்கை என்னவென்றால், 1932-இல் தொடங்கிய அமெரிக்க விளக்குச் சேகரிப்பாளர் சங்கத்தின் பெயரே ரஷ்லைட் (நாணல் விளக்கு) கிளப். பெயர் எப்படியானால் என்ன, அதில் சேருங்கள். ஐம்பது ஆண்டு இதையே பார்த்துவரும் பெரியவர்கள் பொருளைக் கையில் கொடுத்துச் சொல்லித் தருவார்கள்.

அதிகம் பேர் சீண்டாத ஒரு மூலையும் உண்டு: பன்றிக் கொழுப்பு விளக்குகள். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். கொழுப்பு குளிரில் உறைந்துவிடும், உறைந்தால் திரி ஏறாது. இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க அமெரிக்கத் தகரக் கொல்லர்களும் கண்டுபிடிப்பாளர்களும் படாத பாடில்லை. சிலர் செம்புத் தகட்டை விட்டுச் சூட்டைக் கீழே இறக்கினார்கள். சிலர் அகலத் திரியை வைத்தார்கள். கின்னியர் 1851 பிப்ரவரி 4-இல் காப்புரிமை பெற்ற விளக்கு அப்படி ஒன்று. படகு போல நீண்ட தகரக் கலம், அதன் நடுவே பட்டையான திரி. பாஸ்டன் கோர்ட் தெருவில் இருந்த அஃப்ஃபோர்ட் நிறுவனம் தன் பெயர், முகவரி, காப்புரிமை நாள் எல்லாவற்றையும் அதில் பொறித்தே விற்றது. இப்படி நாள், ஊர், பெயர் மூன்றும் பொறித்த பொருள் கையில் இருந்தால் யாரிடமும் கதை கேட்க வேண்டியதில்லை. பார்வைக்கு எளிமையாக இருப்பதால் கண்ணாடி விளக்குகள் அளவுக்கு இவற்றுக்குப் போட்டியும் இல்லை.

பியூட்டர் விளக்குகளைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. டார்செஸ்டரின் ராஸ்வெல் க்ளீசன், மெய்னின் ரூஃபஸ் டன்ஹம், நியூயார்க்கின் கேபன் அண்ட் மாலினோ ஆகியோரின் முத்திரையை அடியில் தேடுங்கள். முத்திரை இல்லாத நல்ல விளக்குகளும் உண்டு. பணக்காரர் வீட்டு வரவேற்பறை விளக்குகளில் ஃபிலடெல்ஃபியாவின் கார்னீலியஸ் நிறுவனத்துடையவை பேர்போனவை. அந்தக் குடும்பத்து ராபர்ட் கார்னீலியஸ்தான் 1839-இல் தன்னைத் தானே படமெடுத்து, அமெரிக்காவின் முதல் சுய உருவப் படத்தைத் தந்தவர். இவ்விளக்குகள் விலை அதிகம், மேலும் முக்கால்வாசி மின்விளக்காக மாற்றப்பட்டுவிட்டன. தண்டில் ஒயருக்காகத் துளை போட்டிருந்தால் சேகரிப்பு மதிப்பு சரிந்துவிடும். துளையை ஈயத்தால் அடைத்து வண்ணம் பூசியிருப்பார்கள், பாதத்தின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

கண்ணாடியில் போலிக்குப் பேர்போனது டால்பின் வடிவ மெழுகுவத்தித் தண்டு. சாண்ட்விச் தொழிற்சாலை மூடிய பிறகும் பல நிறுவனங்கள் அதை வார்த்தன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக நேர்மையாகச் செய்த நகல்களில் 'எம்.எம்.ஏ.' என்ற குறி இருக்கும். அந்தக் குறியைத் தேய்த்து அழித்திருந்தால் அந்த இடம் சற்று மங்கலாகத் தெரியும். பாதத்தின் அடியையும் பாருங்கள்: உண்மையான தேய்மானக் கீறல்கள் நாலா திசையிலும், ஆழமும் நீளமும் மாறி மாறி இருக்கும். உப்புத்தாளில் தேய்த்த கீறல்கள் ஒரே பக்கம் ஓடும்.

வாங்குவதற்கு முன் பார்க்கப் பழகுங்கள். நீங்கள் இருக்கும் மாநிலம் இதற்கு வாய்ப்பான இடம். சாண்ட்விச்சில் கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது. நியூ பெட்ஃபோர்டில் திமிங்கில வேட்டை அருங்காட்சியகம். 1830-களின் கிராமத்தை அப்படியே நடத்திக்காட்டும் ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜில், ஒரு மெழுகுவத்தி ஓர் அறையை எவ்வளவு குறைவாக வெளிச்சமாக்கும் என்பதையும் கண்ணால் காணலாம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பிரிம்ஃபீல்ட் பழம்பொருள் சந்தை மே, ஜூலை, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. காலையிலேயே போங்கள், டார்ச்சும் பூதக்கண்ணாடியும் கொண்டுபோங்கள், முதல் சந்தையில் எதுவும் வாங்காமல் திரும்புங்கள். பொறித்த பெயரோடு ஒரு நல்ல ஹாக்ஸ்கிரேப்பர், தூண்டுகோலோடு ஒரு பெட்டி விளக்கு, சொந்தப் பர்னரோடு ஒரு சிறு கண்ணாடித் திமிங்கில எண்ணெய் விளக்கு: இம்மூன்றும் நேர்மையானவையாகக் கிடைத்தால், அலமாரி நிறையச் சந்தேகப் பொருள்கள் வைத்திருப்பவரைவிட நீங்கள் முன்னே இருப்பீர்கள்.

உங்கள் கடை விளக்கை 1800 விலைக்கு வாங்காதீர்கள். 1830-களின் விளக்கு, மாற்றிய பர்னர் என்ற விலைக்கு இறங்கி வந்தால் வாங்கலாம். விளிம்பில் விரலை ஓட்டிச் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கியபின், தண்ணீரில் முக்கிக் கழுவவே கழுவாதீர்கள். கழுத்து வளையத்தைக் கண்ணாடியோடு பிடித்திருப்பது சுண்ணச்சாந்து. நீர் பட்டால் இளகிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். இரும்பைக் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், பியூட்டரைப் பளபளவென்று மெருகேற்றாதீர்கள். ஏற்றிப் பார்க்க ஆசையிருந்தால் பெட்டி விளக்கில் ஆலிவ் எண்ணெயும் பருத்தித் திரியும் போட்டு, கீழே ஒரு தட்டு வைத்து ஏற்றலாம். கண்ணாடி விளக்குகளை ஏற்ற வேண்டாம், பழைய கண்ணாடி சூட்டில் விரிசல் விடும். நீளக் குழாய் பர்னரில் மண்ணெண்ணெயோ சாராயமோ எதையும் ஊற்றி எரித்துப் பார்க்கக் கூடாது.